இந்த மாதம் ஏலக்காய் அனுப்பவில்லை

அப்பு,

போன மாதம் உன் மனைவி எனக்குப் போன் செய்தாள். கல்யாணம் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது, என்னிடம் பேசும்போது அந்தப் பிள்ளைக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. சாப்பிட்டீர்களா, ஊரில் மழை உண்டா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். "மாமா, கெளம்பும்போது நீங்க குடுத்துவிட்ட ஏலக்காய் தீந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் அனுப்பிவிடுறீங்களா? அவரு எந்நேரமும் வாயில போட்டுக்கிட்டே இருக்காரு" என்றாள். சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு, ஏலக்காய்க் கோடவுனில் பக்கத்தில் கிடந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். காய் மூட்டை மேல் உட்காராதே என்று வேலையாட்களை முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறவன் நான். அன்றைக்கு என்னைத் திட்ட ஆளில்லை.

இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அரைக்கிலோ ஏலக்காய் மூன்று மாதத்தில் தீராது. டீக்கும் பாயசத்துக்கும் போட்டால் வருஷம் முழுக்க வரும். அது எப்படித் தீர்ந்தது என்று எனக்குத் தெரியும். போடி ஸ்டேஷனில் ரயில் கிளம்புவதற்கு முன்னால் நீ என்னைக் கட்டிப்பிடித்து, "போயிட்டு வர்றேன்ப்பா" என்று காதோரம் சொன்னாய். நம் வீட்டில் கட்டிப்பிடிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது, அது நீ சென்னையில் கற்றுக்கொண்டது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் உன் மூச்சில் முதலில் ஏலக்காய் வந்தது, அதற்கு அடியில் இன்னொன்று வந்தது. அந்த இன்னொன்றை எனக்குத் தெரியும். உன் அம்மா சாவதற்கு முன் ஐந்தாறு மாதம் அவள் வாயில் இருந்த வாடை அது. பல்லின் வேரில் சீழ் கட்டிய வாடை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தாலிக்கயிற்றில் மஞ்சள் மாறாமல் அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், சம்பந்தி வீட்டார் சுற்றிலும் நின்றார்கள், அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? உன் பையில் நானே அரைக்கிலோ காயை வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

இதை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. நான் போன் செய்தால், பல் என்ற பேச்சு வருவதற்குள் "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக்கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அச்சில் வந்தால் யாராவது படித்துவிட்டு, "டேய், இது உங்க அப்பா எழுதின மாதிரியே இருக்கே" என்று உன்னிடம் கேட்கக்கூடும். அப்பு என்ற செல்லப் பேரைத் தவிர உன் பேரையும் எழுதவில்லை, என் பேரையும் எழுதவில்லை. அந்த மட்டுக்கு உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீ எழுந்து போய் டாக்டரைப் பார்ப்பாய் என்று நான் நம்பவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையோடு எழுதுகிற கடிதம் இல்லை இது. எழுதாவிட்டால் இரண்டாம் தடவையும் சும்மா இருந்தவன் ஆகிவிடுவேன், அதற்காக எழுதுகிறேன்.

என் மூக்கைப் பற்றி நான் அடித்துக்கொள்கிற தம்பட்டம் உனக்குத் தெரியும். காய் ஏலம் விடுகிற இடத்தில் சாம்பிள் தட்டு என் முன்னால் வந்தால் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் உருட்டி, ஒரு காயை நகத்தால் கீறி மோந்து பார்ப்பேன். சூடு அதிகம் வைத்து உலர்த்தியதா, ஈரம் நிற்கிறதா, பழைய காயைப் புதுக்காயோடு கலந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். போடிமெட்டுக்கு மேலே எந்தச் சரிவில் விளைந்தது என்றுகூடச் சொல்வேன். அதில் பாதி சும்மா அடித்துவிடுவதுதான், ஆனால் கோடவுன் முதலாளி நம்புவார். இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். உன் அம்மாவின் வாயில் சீழ் பிடித்தது இந்த மூக்குக்குத் தெரியவில்லை என்றுதான் நீ இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரிந்தது. அதைத்தான் உன்னிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் அம்மா என்னோடு அதே கோடவுனில்தான் காய் பிரித்தாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெடித்த காய், கறுத்த காய், பூச்சி துளைத்த காய் என்று பேசிக்கொண்டே தள்ளிப் போடுவார்கள். அவளுக்குச் சர்க்கரை இருந்தது உனக்குத் தெரியும். கீழ்வரிசையில் இடது பக்கம் கடைசிக்கு முந்தின பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்து, குழியாகி, பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. பிறகு சூடு பட்டாலும் வலித்தது. படுத்தால் வலி கூடும், உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். வலது பக்கமாகவே மென்று சாப்பிட ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன், பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை. குழிக்குள் கிராம்பை வைத்து அடைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

ஒரு நாள் கேட்டாள். "ஏங்க, பல்லு ரொம்ப வலிக்குது. டாக்டர்ட்ட ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமா?"

"போவம் போவம். இந்த எடுப்பு முடியட்டும். மேல இருந்து லோடு வந்து குமிஞ்சு கெடக்கு, சோலிய விட்டுட்டு எங்கிட்டுப் போக?"

ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. ஆடியில் தொடங்கினால் ஒரு சுற்று எடுத்து, நாற்பது ஐம்பது நாள் விட்டு அடுத்த சுற்று எடுத்து, தை மாசி வரைக்கும் போகும். அது தெரிந்துகொண்டுதான் எடுப்பு முடியட்டும் என்றேன். இந்தத் தொழிலில் இருக்கிற நாங்கள் எல்லாரும் இப்படித்தான். கண் ஆபரேஷனோ பிள்ளைக்குக் காது குத்தோ, தாய்மாமன் சாவுத் துஷ்டி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எடுப்புக்குப் பிறகு என்று தள்ளுவோம். அவளும் சரி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் முகம் மலர்ந்து எழுந்து வந்தாள். "ஏங்க, வலி போயிருச்சு. சுத்தமா இல்ல" என்றாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றேன். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சந்தோஷத்தில் அவள் பணியாரம் சுட்டாள், நான் எட்டோ ஒன்பதோ சாப்பிட்டேன்.

வலி போனதற்கு அர்த்தம் எனக்கு நான்கு வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் பணியாரம் தொண்டையில் இறங்கியிருக்காது. அம்மாவின் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து நம் ஊர்ப் பல் டாக்டரம்மாவிடம் நான் போனேன், எனக்குப் பல்லில் ஒன்றும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். பல்லுக்கு உள்ளே, நம் ஏலக்காய்க்குள் அரிசி இருக்கிற மாதிரி, நரம்பும் ரத்தமும் உள்ள சதை இருக்கிறதாம். குழி அதுவரைக்கும் ஆழமாகப் போனால் கிருமி உள்ளே இறங்கும். சதை வீங்கும், ஆனால் சுற்றிலும் பல் கெட்டியாக இருப்பதால் வீங்க இடம் கிடையாது, அதனால்தான் அந்த உயிர் போகிற வலி. கடைசியில் உள்ளே இருக்கிற நரம்பு செத்துவிடும். செத்த நரம்புக்கு வலிக்காது. "வலி நின்னது குணமானதால இல்லீங்கய்யா. வலிய எடுத்துச் சொல்ல ஆளு செத்துப்போச்சு, அவ்வளவுதான். கிருமி அதுபாட்டுக்கு வேர் வழியா எலும்புக்குள்ள எறங்கிக்கிட்டு இருக்கும்" என்றார்கள். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெளியே காத்திருந்தவர்கள் பல் பிடுங்கியதற்கு அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்கப்புறம் அம்மாவின் ஈறில், அந்தப் பல்லுக்கு நேர் கீழே, ஒரு சின்னப் பரு மாதிரி வந்தது. வரும், உடையும், மறுபடி வரும். உடையும்போது "என்னமோ உப்புக் கரிக்குதுங்க" என்று துப்பிவிட்டு வாயைக் கொப்பளிப்பாள். அது சீழ். எலும்புக்குள் சேர்ந்தது வழி தேடி ஈறு வழியாக வடிந்திருக்கிறது. வடிகிற வரைக்கும் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை, அதனால் எங்களுக்குக் கவலையும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தாள். சாயங்காலம் நானும் அவளும் சாப்பிட உட்கார்ந்தோம், அம்மா குனிந்து எனக்குச் சோறு போட்டாள். "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்றாள். அந்த மூச்சு என் முகத்தில் பட்டது. என் மூக்குக்கு உடனே தெரிந்தது. தெரிந்தவுடன் நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடப் பிறந்தவள் முன்னால் கேலி செய்தேன். "என்னடி, வாய் நாறுது? உள்ள எலிகிலி செத்துக் கெடக்கா?" என்றேன். அத்தை புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. நான் பெரிய தாராளப் பிரபு மாதிரிச் சட்டைப் பையில் கையை விட்டு நாலு காயை எடுத்து, "இந்தா, போட்டுக்க, வாடை போயிரும்" என்று கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவள் வாயில் ஏலக்காய் இல்லாமல் நான் பார்க்கவில்லை. என்னோடு பேசும்போதெல்லாம் கை தானாக முந்தானைக்குப் போகும். வேறு ஊராக இருந்தால் ஒரு மனுஷி நாள் பூராவும் ஏலக்காய் மென்றால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். நம் ஊரில் யார் கேட்பார்கள்? கோடவுனில் பாதிப் பேர் வாயில் காய் கிடக்கும். வாடை போய்விட்டது. என் மூக்கும் திருப்தியாகிவிட்டது. பரு உடைந்ததையோ உப்புக் கரித்ததையோ அதற்கப்புறம் அவள் என்னிடம் சொல்லவே இல்லை. நீ சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து, "அம்மா ஏன்ப்பா இத மறைச்சாங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன்ல?" என்று கேட்டாய். நான் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மறைக்கவில்லை, அப்பு. நான்தான் மறைக்க வைத்தேன். நான்கு வருஷமாக நீ அவள் மேல் வைத்திருக்கிற கோபத்தை இன்றைக்கே எடுத்து என் மேல் வைத்துவிடு.

கடைசி நான்கு நாளைச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீ பார்க்கவில்லை, பார்த்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஒரு நாள் பரு வடிவது நின்றது. மறுநாள் இடது தாடைக்குக் கீழே வீங்கியது, குளிர் எடுத்துக் காய்ச்சல் வந்தது. மறுபடி வந்திருந்த அத்தை பார்த்துவிட்டு, "இது பொன்னுக்கு வீங்கிண்ணே. பொன்ன மாட்டிவிட்டா எறங்கிரும்" என்று தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிட்டாள். சின்னப் பிள்ளையில் உனக்கும் அப்படிப் போட்டிருக்கிறோம், நாலு நாளில் இறங்கியது. அதனால் நானும் தலையாட்டினேன். சங்கிலி போட்டு, சூடாக ஒத்தடம் கொடுத்து, இரண்டு நாள் காத்திருந்தோம். வீக்கம் இறங்கவில்லை. நாடிக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. தொட்டுப் பார்த்தேன், சதை மாதிரியே இல்லை, பலகையைத் தொட்ட மாதிரி இருந்தது. வாய் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறந்தது. எச்சில் விழுங்க முடியாமல் ஓரமாக வடிந்தது. வாய் நிறையச் சூடான கஞ்சியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல். படுக்கவே மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு மூச்சுப் போகிற வழியை அடைக்க ஆரம்பித்திருந்தது, படுத்தால் மூச்சு முட்டும், அதனால் உட்கார்ந்திருந்தாள். இதில் எந்த ஒன்றைக் கண்டாலும் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்கள். அன்றைக்கு ஏலம் இருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போனேன்.

கிளம்பும்போது அவள் கையைப் பிடித்து, "வெரசா வந்துருங்க" என்றாள். அப்படித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன், வார்த்தை சரியாக வரவில்லை. மத்தியானம் நான் வந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. தேனியில் பார்த்தவுடனே மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை அவளுக்கு நினைவிருந்தது. ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டு மூச்சுவிட வைத்தார்கள், கீறிச் சீழை எடுத்தார்கள். அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஆனால் கழுத்துக்குள்ளேயே இறங்கி நெஞ்சுக்குப் போய்விட்டது, ரத்தத்திலும் கலந்துவிட்டது. அதற்கப்புறம்தான் உனக்குப் போன் செய்தேன். ஒரு நர்ஸ் வந்து, வீங்கின கழுத்திலிருந்து கழற்ற முடியாமல் வெட்டி எடுத்த அத்தையின் சங்கிலியை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். அத்தை அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் பீரோவில் கிடக்கிறது.

டாக்டரம்மாவிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். எந்த இடத்தில் காப்பாற்றியிருக்கலாம்? அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "வேணாங்கய்யா, இப்ப அதத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க" என்றார்கள். நான் விடவில்லை. கறுப்புப் புள்ளியாக இருந்தபோது வந்திருந்தால் அடைத்து அனுப்பியிருப்பார்களாம். வலித்த நாளில் வந்திருந்தால் வேரைச் சுத்தம் செய்திருக்கலாம். பரு வந்தபோது வந்திருந்தால்கூட ஒரு பல்லோடு போயிருக்கும். வாடை வந்த நாளிலும் நேரம் இருந்தது. தாடை வீங்கின முதல் நாள் வந்திருந்தாலும் பெரும்பாலும் பிழைத்திருப்பாள். அவ்வளவு கதவு திறந்து கிடந்திருக்கிறது, நான் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்திருக்கிறேன். மாத்திரை போட்டோமே என்றேன். மாத்திரை கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கும், பல்லுக்குள் இருக்கிற அழுகல் அப்படியே இருக்கும் என்றார்கள். இது நமக்குத் தெரியாததா? ஏலச் செடியில் தூர் அழுகினால் மேலே மருந்து அடித்து என்ன பிரயோஜனம்? இலை நாலு நாள் பச்சையாக நிற்கும். தூர் அழுகிக்கொண்டே இருக்கும், பக்கத்துத் தூருக்கும் போகும். செடிக்குத் தெரிந்தது பெண்டாட்டிக்குத் தெரியவில்லை.

உன் மனைவி போன் செய்த மறுவாரம் நான் ரயிலேறிச் சென்னைக்கு வந்தேன். முதலாளி வேலையாக வந்தேன் என்று சொன்னது பொய். உன் வீட்டில் உன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ வலது பக்கமாகவே மென்றாய். இடது தாடை ஒரு சுற்று உப்பியிருந்தது, தாடி வளர்த்து மறைத்திருந்தாய். "என்னப்பு, பல்லுல எதுவும் வலியா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சுப்பா. மூணு நாள் மாத்திரை போட்டேன், வலி போயிருச்சு" என்றாய். அம்மா சொன்ன அதே வார்த்தை, அதே சந்தோஷம். டாக்டரைப் பார்க்கலாமே என்றேன். "இந்த ப்ராஜெக்ட் முடியட்டும்ப்பா" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை. எடுப்பு முடியட்டும் என்று நான் சொன்னதைத்தான் நீ உன் பாஷையில் சொன்னாய். உன் மனைவி ரசம் ஊற்ற வந்தாள், நீ அவளிடம் பேசும்போது கையை வாய்க்குக் கொண்டுபோனாய். அதைப் பார்த்த பிறகு பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்துவிட்டேன். அந்தப் பிள்ளை ஏதோ விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள், அல்லது முகத்தைத் திருப்பியிருக்கிறாள், நீ வெட்கப்பட்டிருக்கிறாய். அவள் முன்னால் நானும் சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

நீ ஏன் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கும் காரணம் நான்தான். உனக்கு எட்டு வயதில் ஒரு பால் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியது. டாக்டரிடம் போகாமல், கையால் பல் எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனேன். உன் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "வலிக்காதுடா, கண்ண மூடு, அப்பா சொல்றேன்ல" என்றேன். வலித்தது. நீ போட்ட சத்தத்தில் தெருவில் போன ஜீப்பு நின்றது. வீட்டுக்கு வரும் வழியில் நீ என் கையைப் பிடித்து நடக்கவில்லை, இரண்டடி தள்ளியே வந்தாய். அன்றிலிருந்து, என் வார்த்தைக்கு உன்னிடம் மதிப்பில்லை. நான் சொன்னால் நீ போக மாட்டாய் என்று அதனால்தான் மேலே எழுதினேன். ஆகவே இந்தத் தடவை வலிக்காது என்று சொல்லமாட்டேன். ஊசி குத்தும்போது வலிக்கும். மரத்துப்போன பிறகு வலிக்காது என்கிறார்கள், சீழ் இருக்கும் இடத்தில் சரியாக மரத்துப்போகாமலும் போகலாமாம். கூடத் துணைக்கு உட்கார நான் வருகிறேன், கையைப் பிடிக்க மாட்டேன்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது. இதைப் படித்தால் நீ கோபப்படுவாய். பத்திரிகையைத் தூக்கி எறிந்துவிட்டு, அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்பாய். அல்லது படிக்கவே மாட்டாய். ஒரு நாள் அந்தப் பிள்ளை எனக்குப் போன் செய்து, "மாமா, அவருக்குத் தாடை வீங்கியிருக்கு, காய்ச்சலடிக்குது, படுக்கவே மாட்டேங்கிறாரு" என்பாள். போன் அடிக்கும்போதெல்லாம் அதுதான் என்று எடுக்கிறேன். ராங் நம்பராக இருந்தால் அந்த ஆளுக்கு நன்றி சொல்கிறேன், அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு வைக்கிறான்.

அவள் கேட்ட காய் இதோ மேசை மேல் இருக்கிறது. நேற்றே பிரித்து எடுத்து வைத்துவிட்டேன், கைப்பழக்கம். நல்ல உருண்டைக் காய், பச்சை மாறாதது, கீறினால் அறை முழுக்க மணக்கிறது. இதை நான் அனுப்ப மாட்டேன். மாமா காய் தரமாட்டேன் என்கிறார் என்று அவளிடம் சொல். ஏன் என்று கேட்பாள். அப்போது கையை எடுத்துவிட்டு, காயைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, அவள் முன்னால் வாயைத் திற. அவள் மூக்கு என் மூக்கைப் போலக் கெட்டுப்போனது இல்லை.

உன் வாய் நாறுகிறது, அப்பு. உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன்.

அப்பா